பஸீனா எழுதிய கழுதைகள்

பாலாவியில் இருந்து கற்பிட்டிப் பக்கம் போகும் வீதியில், உப்பளம் முடிந்து உடைமரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு கழுதை ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளிநாட்டில் கழுதைமேல் இரக்கப்பட்ட சிலர் சேர்ந்து தொடங்கியது. பெயர்ப்பலகையில் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. பஸ் கொண்டக்டர்கூட “கழுதை ஆஸ்பத்திரி இறங்குங்க” என்றுதான் கூப்பிடுவார். அப்படி இறங்கும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பதினொரு வருடமாக அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு தினமும் எட்டரைக்கு இறங்குகிறவள் பஸீனா. ஆஸ்பத்திரியின் எழுத்து வேலை முழுவதையும் பார்க்கும் ஒரே லிகிதர் அவள்தான்.

“மன்னாரில இருந்து இவ்வளவு தூரம் வந்தது கழுதைக்குக் கடிதம் எழுதவா?” என்று அவளுடைய மாமி மகள் நுஸ்ரா ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்டாள். பஸீனா சோற்றில் இருந்து கையை எடுக்கவில்லை.

“கழுதைக்கு இல்ல. கழுதையப் பத்தி. இங்கிலீசில,” என்றாள்.

அந்தக் கடைசிச் சொல்லை அவள் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாள். அவளுக்கு அந்த உரிமை இருந்தது என்பது என் கட்சி. வேலை என்னவென்றால், வைத்தியத்துக்கு வரும் ஒவ்வொரு கழுதைக்கும் ஒரு அட்டை எழுத வேண்டும். எங்கே கிடந்தது, என்ன காயம், என்ன மருந்து. பிறகு, அந்தக் கழுதையைத் தூரத்தில் இருந்து காசு அனுப்பிப் பொறுப்பெடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு மாதம் ஒரு கடிதம். இதை யாரும் எழுதலாம். ஆனால் பஸீனாவின் அட்டையில் மருந்துக் கணக்குக்கு மேலே, எப்போதும் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் அவளுடைய சொத்து.

அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் புத்தளக் கரையில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது. பாலாவிக்குப் பக்கத்தில் வரிசை வரிசையாகக் கிடுகுக் கொட்டில்கள். பதினெட்டு வயதில், சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு முதல் தரம் கோட்டை விட்டு, இரண்டாம் தரம் வெறும் பாஸான எஸ் எடுத்து, மூன்றாம் தரம் ஒருவழியாக அதற்கு ஒரு படி மேலான சி எடுத்திருந்தாள். அந்த வரிசையில் அதுவே பெரிய படிப்பு. நிவாரண நிறுவனங்களின் படிவங்கள் ஆங்கிலத்தில் வரும். படிவத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் பஸீனாவின் கொட்டிலுக்கு வருவார்கள்.

படிவத்தின் கடைசியில், குடும்பத்தின் நிலைமை என்ன என்று ஒரு கோடு விட்டிருக்கும். ஒரேயொரு கோடு. மற்ற முகாம்களில் நிரப்பியவர்கள் அதில் ‘மிகவும் ஏழை’ என்று எழுதினார்கள். எல்லாருமே மிகவும் ஏழையாக இருந்தபடியால் அது ஒன்றும் எழுதாததற்குச் சமம். பஸீனா வேறு மாதிரி எழுதினாள். வரிசை முழுவதற்கும் இடியப்பம் அவித்துக் கொடுக்கிற, தன் கொட்டிலுக்குக் கதவு இல்லாத கைம்பெண் என்று எழுதினாள். அடுத்த மாதம் அந்தக் கொட்டிலுக்குக் கதவு வந்தது. ஒரு ஆளைப் பற்றி ஒரு வரி சரியாக எழுதிவிட்டால் கந்தோரில் இருப்பவன் அந்த ஆளை மறக்கமாட்டான் என்பதை அவள் அப்போது பிடித்துக்கொண்டாள்.

ஆனால் அந்த வரியில் ஒரு சங்கடம் இருந்தது. தமிழில் அடிபட்ட மனிதன், அடிபட்ட கழுதை, அடிபட்ட லொறி என்று எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆங்கிலம் அப்படி விடாது. நடுவில் ஒரு சொல்லை வைத்து, சொல்லப்படுவது ஆளா, ஆள் இல்லாததா என்று விசாரித்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவிடும். ஆள் என்றால் ‘ஹூ’. பொருள் என்றால் ‘விச்’. ஆரம்பத்தில் பஸீனா கூரைத் தகரத்துக்கு ஹூவும் கைம்பெண்ணுக்கு விச்சும் போட்டாள். அதை வாசித்த ஒரு அதிகாரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புப் பொறுக்காமல் புத்தளத்துக்குப் போய் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கி, அந்தப் பக்கத்தைக் குர்ஆன் பாடம் போல மனனம் செய்தாள்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. மிருகங்களுக்குப் பொதுவாக விச் என்று எழுதலாம். ஆனால் பெயர் உள்ள மிருகத்துக்கு, நன்றாகத் தெரிந்த மிருகத்துக்கு, ஹூ என்றும் எழுதலாம். கழுதை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த அன்று அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் குறிப்புத்தான்.

அவள் அதைத் தன் சட்டமாக்கிக்கொண்டாள். புதிதாக ஒரு கழுதை வந்தால், வேலியோரம் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்ப்பாள். அந்த அரை மணித்தியாலத்தில் அந்தக் கழுதையைப் பற்றி, வேறு எந்தக் கழுதையைப் பற்றியும் சொல்ல முடியாத ஒரு விசயம் அகப்பட வேண்டும். அகப்பட்டால்தான் ஹூ. பார்க்காமல் ஹூ போடுவது பொய்ச்சத்தியம் என்பாள். பஸ் வந்தால் விலகி நிற்கிற, லொறி வந்தால் விலகாத கழுதை. காற்றாலையின் நிழல் சுற்றிவரும்போது ஒவ்வொரு தரமும் குனிந்துகொள்கிற கழுதை. இப்படி. ஒருமுறை நோர்வேயில் இருந்து வந்த ஒரு மனுஷன், தான் பொறுப்பெடுத்த கழுதையை, யாரிடமும் கேட்காமல், இருபது கழுதைகளுக்கு நடுவில் நேராகப் போய்த் தொட்டார். மிருக வைத்தியர் றொபி அதைப் பார்த்துவிட்டு, “பஸீனா, இதுக்கு மேல உமக்கு என்ன சேர்ட்டிபிக்கற்?” என்றார். அவர் பக்கத்து ஊரான மாம்புரிக்காரர், லேசில் யாரையும் புகழமாட்டார். பஸீனா அன்று வீட்டுக்குப் போய் அந்தக் கதையை நாலு தரம் சொன்னாள்.

இந்த வருடம் ஷானிகா வந்தாள். சிலாபத்துப் பிள்ளை, கொழும்பில் படித்தவள், இருபத்தெட்டு வயது. கொழும்புக் கந்தோர் அவளை மேற்பார்வைக்கு அனுப்பியிருந்தது. மரியாதையான பிள்ளை, வந்த முதல் நாளே எல்லாருக்கும் கேக் கொண்டுவந்தாள். இரண்டாம் நாள் பஸீனாவின் பதினொரு வருட அட்டைகளை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“பஸீனா அக்கா, குறை நினைக்காதீங்க. இது எல்லாத்திலயும் கழுதைக்கு ஹூ போட்டிருக்கு.”

“ஓம் மிஸ். தெரிஞ்சுதான் போட்டன்.”

“அறிக்கைக்கு விச் தான் சரி அக்கா. இல்லாட்டி தட். ஹெட் ஒபிசில கேக்கிறாங்க, யாரு இந்த இங்கிலீஸ் எழுதுறதெண்டு.”

பஸீனாவுக்குக் காது சூடாகியது. இலக்கணப் புத்தகத்தின் சின்ன எழுத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் ஷானிகா புதிய படிவத்தைக் காட்டினாள். கொம்பியூட்டரில் நிரப்புவது. நிறம், பால், வயது, காயம், மருந்து. எல்லாவற்றுக்கும் சின்னப் பெட்டி, பெட்டிக்குள் புள்ளடி. கழுதை ஒன்றுக்கு மூன்று நிமிடம் போதும். ஷானிகா சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. வருடம் எத்தனை கழுதைக்கு எலும்பு முறிந்தது என்று கேட்டால் பஸீனாவின் அட்டைகளில் இருந்து எண்ணி எடுக்க இரண்டு நாள் வேண்டும். ஆனால் நியாயம் இருப்பவர் சொன்னாலும் சுடுகிறது சுடத்தான் செய்யும். யாரு இந்த இங்கிலீஸ் எழுதுறது என்ற கேள்வி அவளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது.

அன்று பின்னேரம், அவள் பஸ் ஏறுவதற்கு முன்னால், வந்தது ஒரு பெண் கழுதை. இடது பின்னங்குளம்புக்குள் சீழ். றொபி வெட்டிச் சீழை எடுத்து, ஊசி போட்டு, ஒரு மாதத்தில் மீண்டும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே திரும்பப் பிடிக்கும் என்று சொல்லி வெளியே விடச் சொன்னார். பஸீனா வேலியோரம் போகவில்லை. கதிரையும் போடவில்லை. கோபத்தோடு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, அவர்கள் கேட்டதைக் கேட்டபடி நிரப்பினாள். சாம்பல், பெண், ஆறு வயது அளவு, இடது பின்னங்குளம்பில் சீழ் பிடித்திருந்தது. அறிக்கையிலும் விச் தான் போட்டாள். நீங்கள் கேட்டது இதுதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது. கழுதையின் முகத்தை அவள் ஒருதரமேனும் பார்க்கவில்லை.

அந்தக் கோபம் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் பாலாவிச் சந்தியில் எழுதுவதற்குத் தடித்த ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினாள். புதிய படிவத்தைக் கொம்பியூட்டரில் நிரப்பிவிட்டு, பிறகு தன் பாட்டுக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனாள். பார்த்ததை அந்தக் கொப்பியில் பழையபடி எழுதினாள். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் செய்கிற வேலை என்பதால் ஷானிகாவும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மாதம் போனது. கற்பிட்டி வீதியில் ஒரு வான், கழுதையில் மோதாமல் இருக்க ஒடித்துத் திருப்பி, மதகில் ஏறியது. நல்லவேளை ஒருவருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சனம் சத்தம் போட்டது. வீதியில் திரியும் கழுதைகளைப் பிடித்து உள்நாட்டில் ஒரு காணிக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவாகியது. ஒரே நாளில் நாற்பத்துநாலு கழுதைகளைப் பிடித்து, கடலோரமாக ஒரு தென்னந்தோட்டத்தில், கம்பும் தகரமும் வைத்து அடைத்துவிட்டார்கள். ஒரு நாள் விட்டு அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு லொறி.

அதற்குள் ஆஸ்பத்திரியின் ஒன்பது கழுதைகள் இருந்தன. வைத்தியம் பாதியில் நிற்பவை, வெளியே மேயவிட்டு மாதாமாதம் பிடித்துப் பார்ப்பவை. லொறியில் போனால் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. மறுநாள் காலை செய்தி கேட்டதும் றொபியும் ஷானிகாவும் பஸீனாவும் அடுத்த பஸ்ஸிலேயே போய் இறங்கினார்கள்.

பிடிப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் பேதுரு என்ற அதிகாரி. ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும். கெட்டவர் இல்லை, களைத்தவர். “டொக்டர், உங்கட கழுதையென்டு சொல்றது லேசு. நேத்து இருந்து ஏழு பேர் வந்திட்டாங்க. எல்லாருக்கும் எல்லாம் தங்கட கழுதை. எனக்குக் கடதாசி வேணும். கடதாசியில இருக்கிறது இந்தக் கழுதைதான் எண்டு நான் கண்ணால பாக்கணும்.”

ஷானிகா தன் படிவங்களை நீட்டினாள். பேதுரு கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சாம்பல், பெண், ஆறு வயது. சாம்பல், பெண், ஐந்து வயது. சாம்பல், ஆண். வாசித்துவிட்டு அடைப்பைப் பார்த்தார். நாற்பத்துநாலில் முப்பத்தொன்பது சாம்பல். படங்கள் போனில் இருந்தன, ஆனால் காயம் ஆறியபிறகு படத்தில் இருக்கும் கழுதையும் பக்கத்தில் நிற்கும் கழுதையும் உடன்பிறப்பு மாதிரித்தான். காதில் அடையாள வில்லை குத்துவதை, உடைமுள்ளில் சிக்கிக் காது கிழிகிறது என்று றொபி எப்போதோ நிறுத்தியிருந்தார்.

“மிஸ், இதில எந்தக் கழுதைய வேணுமெண்டாலும் கூட்டிட்டுப் போகலாம் போல இருக்கே,” என்றார் பேதுரு. ஷானிகாவின் முகம் சுருங்கிவிட்டது.

பஸீனா கைப்பையில் இருந்து சி.ஆர். கொப்பியை எடுத்தாள். பதினொரு வருடமாக எழுதியது எல்லாம் பைத்தியக்கார வேலையா, உண்மையான வேலையா என்று இப்போது இந்த வெயிலில், ஒரு அந்நிய மனிதன் முன்னால் தெரிந்துவிடும்.

“சேர், இது என்ட எழுத்து. நான் உள்ளுக்குப் போகமாட்டன். கழுதையத் தொடவும் மாட்டன். நீங்களே வாசிச்சு, நீங்களே செய்து பாருங்க.”

பேதுரு முதல் வரியை வாசித்தார். சைக்கிள் மணி கேட்டால், வருகிறவனுக்கு இடது பக்கமாக வந்து சேர்ந்து நடக்கிற கழுதை, பெயர் தபால். அவர் சந்தேகத்தோடு சிரித்தார். தோட்டக்காரனின் சைக்கிளை வாங்கித் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய் மணியை அடித்தார். நாற்பத்துமூன்று கழுதைகள் விலகின. ஒன்று மெதுவாக வந்து அவருடைய இடது பக்கம் சேர்ந்துகொண்டது. அவர் நடந்தார், அது நடந்தது. நின்றார், நின்றது. பேதுரு திரும்பிப் பஸீனாவைப் பார்த்தார், பிறகு கொப்பியைப் பார்த்தார்.

இரண்டாவது, வாளியில் வைத்தால் குடிக்காமல் நின்று, கண்ணுக்கு முன்னால் ஊற்றினால் மட்டும் குடிக்கிற கழுதை, பெயர் பீலி. மூன்றாவது, தாடைக்கு அடியில் சொறிந்தால் நாக்கை இடது பக்கம் நீட்டி அப்படியே மறந்துபோய் நிற்கிறது. அதைச் செய்தபோது பேதுரு வாய்விட்டுச் சிரித்தார். பிடிக்க வந்த ஆட்கள் எல்லாரும் அடைப்புக் கம்புகளின்மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு வரியையும் அவர் சத்தமாக வாசிப்பார், ஒவ்வொரு கழுதையும் வரிக்குள் இருந்து எழுந்து வருகிறமாதிரி வரும். தொப்பி போட்ட ஆளுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒன்று, அவர் தொப்பியைக் கழற்றியதும் திரும்பியது. பன்னிரண்டு மணிக்குள் எட்டுக் கழுதைகள் வெளியே கட்டப்பட்டிருந்தன. பஸீனாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டாள். யாரு இந்த இங்கிலீஸ் எழுதுறது என்று இப்போது யாராவது கேட்கட்டும் என்று நினைத்தாள்.

“ஒன்பதாவது?” என்று கேட்டார் பேதுரு.

கொப்பியில் ஒன்பதாவது இல்லை. அது கொப்பி வாங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த கழுதை. அது ஷானிகாவின் படிவத்தில்தான் இருந்தது. சாம்பல், பெண், ஆறு வயது அளவு. பஸீனாவின் கைப்பட நிரப்பியது.

றொபி குளம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று உள்ளே இறங்கினார். கட்டில்லாத கழுதையின் பின்னங்காலைத் தூக்குவது எப்படிப்பட்ட வேலை என்று அவருக்குத்தான் தெரியும். நாலு கழுதையைப் பார்த்தார். ஐந்தாவது அவருடைய தொடையில் உதைத்தது. நொண்டிக்கொண்டு வந்து தென்னையடியில் உட்கார்ந்தார். நடையில் தெரியுமா என்றால், சீழ் எடுத்ததால் அது இப்போதைக்கு நன்றாகத்தான் நடக்கும். உள்ளே திரும்பப் பிடிக்கும்வரை ஒன்றும் தெரியாது.

பேதுரு கொப்பியை மூடினார். அவருக்குள் ஏதோ இளகியிருந்தது. குரலைத் தாழ்த்தி, “மிஸ், எட்டும் சரி. ஒன்பதாவதுக்கு நீங்க ஏதாவது ஒண்டக் காட்டுங்க. நான் எழுதிக்கொள்றன். நான் ஒண்டும் கேக்கமாட்டன்,” என்றார்.

ஷானிகா அவளைப் பார்த்தாள். றொபியும் பார்த்தார். சாம்பல் நிறப் பெண் கழுதைகள் இருபதுக்கு மேல் நின்றன. விரலை நீட்டினால் போதும்.

“வேணாம் சேர்,” என்றாள் பஸீனா. “நான் அதப் பாக்கல்ல. பாக்காத ஒண்டக் காட்டி இதுதான் எண்டு சொன்னா, அந்த எட்டும் பொய்யாப் போயிடும். அதோட, அந்தக் கழுதை லொறியிலதான் போகும். வேறொண்டு அதுக்குப் பதிலா இங்க நிக்கும்.”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

தவறு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும், ஷானிகாவின் படிவத்தின்மேல் போட்டுத் தப்பவும் முடியாது. படிவம் முகத்தைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. பார்க்காமல் விட்டது அவளுடைய வீம்பு.

“லொறிக்கு எவ்வளவு நேரம் இருக்கு சேர்?”

“காலம்பற ஆறு மணி.”

“எனக்கு ஒரு கதிரை தாங்க,” என்றாள்.

மீதி முப்பத்தாறு கழுதைகள். ஒன்றுக்கு அரை மணித்தியாலம் என்ற சட்டத்தை அன்று கைவிட வேண்டியிருந்தது. பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவள் இருட்டும்வரை, கழுதைக்குப் பத்து நிமிடம் கணக்கில் பார்த்தாள். காயத்துக்கு அடிக்கும் ஊதா மருந்தால் றொபி தூர நின்றே ஒவ்வொன்றின் விலாவிலும் இலக்கம் அடித்தார். ஷானிகா குடை பிடித்தாள். ஒரு மணித்தியாலத்தில் அவளுக்குக் கை வலித்துவிட்டது, அதைச் சொல்லவும் செய்தாள், ஆனால் குடையை இறக்கவில்லை. பாதியில் பஸீனாவுக்கு வரிகள் தீர்ந்துபோகும் போல இருந்தது. இருபதாவது கழுதைக்கும் முதல் கழுதைக்கும் என்ன வித்தியாசம் என்று தலை சுற்றியது.

“அக்கா, அது காது ரெண்டையும் ஒண்டாத் திருப்பாது, பாருங்க. ஒண்டுக்குப் பிறகு ஒண்டு,” என்றாள் ஷானிகா. பஸீனா அதை அப்படியே எழுதினாள். அதற்குப் பிறகு ஷானிகா நாலைந்து விசயம் கண்டுபிடித்தாள். கெட்டிக்காரி, பார்க்கச் சொன்னால் பார்க்கிறாள் என்று பஸீனா நினைத்தாள்.

முப்பத்தாறு கழுதைக்கும் முப்பத்தாறு வரி. எல்லாவற்றுக்கும் ஹூ. கீழே றொபி ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வைத்தார். இந்தப் பட்டியலில் ஒன்றின் இடது பின்னங்குளம்பு மறுபடி சீழ் பிடிக்கக்கூடும், எதுவென்று தெரியவில்லை, ஆகவே ஒவ்வொன்றையும் கவனிக்கவும், எதிலாவது மாற்றம் கண்டால் இந்த இலக்கத்துக்குப் போன் எடுக்கவும். லொறி அனுமதியில் ‘கழுதை முப்பத்தாறு’ என்று மட்டும் இருந்தது. பேதுரு பஸீனாவின் நாலு பக்கத்தையும் அதனோடு சேர்த்துக் கிளிப் போட்டார். முப்பத்துநாலு வருட வேலையில் இப்படி ஒரு பட்டியலோடு ஆடுமாடு அனுப்பியதில்லை என்றார்.

பஸீனாவின் கணவன் றஸீன் பாலாவிச் சந்தியில் திறிவீலர் ஓட்டுகிறவர். அடுத்த இரண்டு வாரம் அந்தத் திறிவீலரில் ஏறிய ஒருவரும் தபாலின் கதையைக் கேட்காமல் இறங்கவில்லை. மணி அடித்ததைச் சொல்லும்போது அவர் ஹோர்ன் அடித்துக் காட்டுவார். நுஸ்ரா அந்தக் கதையைப் புத்தளத்தில் வேறு யாரோ சொல்லிக் கேட்டுவிட்டுப் போன் எடுத்து, “ராத்தா, அது நீங்கதானா?” என்றாள். “ஓம், வேற யாரு,” என்று பஸீனா சொன்னாள். ஷானிகா, படிவத்தின் அடியில் ஒரு வரிக்கு இடம் விட வேண்டும் என்று கொழும்புக்கு எழுதினாள். கொழும்பில் இருந்து இன்னும் பதில் வரவில்லை.

பஸீனா மட்டும் வீட்டில் அந்தக் கதையைப் பெரிதாகச் சொல்லவில்லை. யாராவது புகழ்ந்தால் சந்தோசமாகத்தான் இருந்தது, ஆனால் எட்டு என்று சொல்லும்போதெல்லாம் ஒன்பது என்று உள்ளே ஒன்று சொல்லியது. தொழுதுவிட்டு எழும்பும்போது சில நாள் அந்தக் கழுதைக்கும் சேர்த்துத் துஆ கேட்டாள். முகம் தெரியாத ஒன்றுக்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல், இடது பின்னங்கால் என்று கேட்டாள்.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஆஸ்பத்திரிப் போன் அடித்தது. உள்நாட்டில், கழுதைகளை விட்ட காணியின் காவல்காரர். சிங்களவர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார்.

“லிஸ்ட் எழுதின மிஸ்ஸா?”

“ஓம். சொல்லுங்க.”

“மழை பெஞ்சு நம்பர் எல்லாம் போச்சு மிஸ். ஆனா லிஸ்ட் இருக்கு. என்ட மகள் இங்கிலீஸ் வாசிச்சுச் சொல்ற. நாங்க தினம் பாக்கிற, எது எதெண்டு. பதினேழு இருக்குத்தானே, எல்லாரும் தின்னு முடியும் மட்டும் தூரத்தில நிண்டு, கடைசியா வந்து மிச்சத்தத் தின்ற எண்டு மிஸ் எழுதியிருக்கு.”

பஸீனா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். “ஓம்.”

“அது முந்தாநாள் கடைசிக்கும் வரல்ல. அதால தேடிப் போன. படுத்துக் கிடந்த. இடது பக்கம், பின்னங்கால், இவ்வளவு வீக்கம். டொக்டர கூட்டிட்டு வந்து வெட்டினது. ஊசியும் போட்டது. இன்னும் ஒரு நாள் போயிருந்தா சரிவராதெண்டு டொக்டர் சொன்ன.”

மேசைக்கு அந்தப் பக்கம் றொபி என்ன என்று சைகையால் கேட்டார். அவள் கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள்.

“இப்ப சாப்பிடுதா?” என்று கேட்டாள்.

“சாப்பிடுற மிஸ். இப்ப நான் புல்லு வெட்டினா முதல்ல அவவுக்குத்தான் போடுற. மத்தவங்களுக்குப் பிறகு.”